கண் மாத்திரை

சென்னியப்பன் எதற்கும் பயப்படுகிற ஆள் இல்லை. பதினெட்டு வயதில் திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி ஏறி, பாஷை தெரியாத ஊரிலெல்லாம் போர்வெல் போட்டவர். ஒருமுறை மத்தியப் பிரதேசத்துக் காட்டு வழியில் கரடி குறுக்கே நின்றபோது ஹாரன் அடித்து விலகச் சொன்னதாக இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருப்பார். கூட இருந்தவர்கள் யாரும் அதை மறுத்ததில்லை, ஆமாம் என்றதும் இல்லை. அப்படிப்பட்டவருக்கு ஒரே ஒரு பயம் உண்டு. கண் போய்விடுமோ என்கிற பயம்.

அதற்குக் காரணம் அப்பா நாச்சிமுத்து. சர்க்கரை வந்து, அதைக் கவனிக்காமல் விட்டு, ஐம்பத்தாறு வயதில் மனுஷனுக்கு இரண்டு கண்ணும் போயிற்று. கடைசி ஏழு வருஷம் மாட்டைத் தடவிப் பார்த்து எந்த மாடு என்று சொன்னார். உச்சி வெயிலில் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, “விடிஞ்சுதா சாமி?” என்று கேட்பார். அப்போது ஒரு டாக்டர் சொன்னார், சர்க்கரை கூடிக் கூடித்தான் கண்ணைத் தின்றுவிட்டது என்று. டாக்டர் அன்றைக்கு இன்னும் எத்தனையோ சொன்னார். சென்னியப்பன் பிடித்துக்கொண்டது அந்த ஒன்றைத்தான்.

ஆகவே நாற்பத்தேழு வயதில் தனக்கும் சர்க்கரை என்று தெரிந்ததும், தனக்கென்று ஒரு வைத்தியம் வகுத்துக்கொண்டார். கண் லேசாக மங்கினால் சர்க்கரை ஏறிவிட்டது. ஏறினால் உடனே ஒரு மாத்திரை. பழைய தைல டப்பா ஒன்றைக் கழுவி, அதில் ஆறேழு மாத்திரையைப் போட்டு எந்நேரமும் சட்டைப் பையில் வைத்திருப்பார். வீட்டில் அதற்குப் பெயரே கண் மாத்திரை என்றாகிவிட்டது. டாக்டர் எழுதிக் கொடுத்த அதே சர்க்கரை மாத்திரைதான் அது. காலையில் ஒன்று, சாப்பாட்டுக்கு முன்னால். அதையும் தவறாமல் போட்டார். ஐந்து மணிக்கு விழுங்கிவிட்டு, திருச்செங்கோட்டு மலையின் படிக்கட்டு விளக்குகள் வரிசையாகத் தெரிகிறதா என்று வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, பள்ளிக்கூட பஸ்ஸை எடுக்கப் போவார். முதல் பிள்ளை ஏறும்போது ஆறே முக்கால். எல்லாரையும் ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் இறக்கி, பஸ்ஸைக் கூட்டித் துடைத்து, கேன்டீனில் இட்லிக்கு உட்காரும்போது ஒன்பதரை. சாப்பாட்டுக்கு முன்னால் என்றால் நாலரை மணி நேரம் முன்னால் என்று எந்த டாக்டரும் சொல்லியிருக்க மாட்டார். சென்னியப்பனும் கேட்கவில்லை.

மே மாதம் வந்தால் பள்ளி வாகனங்களுக்கெல்லாம் சோதனை. சுற்று வட்டாரத்து பஸ் அத்தனையும் மைதானத்தில் மஞ்சளாக வரிசை கட்டி நிற்கும். அவசரக் கதவு திறக்கிறதா, தீயணைப்பான் வேலை செய்கிறதா என்று அதிகாரிகள் ஏறி இறங்குவார்கள். டிரைவர்களுக்குப் பந்தலில் கண் சோதனை. இந்த வருஷம் விரலில் குத்தி ரத்தமும் பார்ப்பார்கள் என்று செய்தி வந்ததிலிருந்து டிரைவர்கள் யாருக்கும் சோறு இறங்கவில்லை. உண்மையாகவே இறங்கவில்லை. அதே பள்ளியில் இன்னொரு பஸ் ஓட்டுகிற சடையன்தான் உபாயம் சொன்னான்.

“முந்தின நாள் மத்தியானத்தோட சோத்தை நிறுத்திப்புடுங்கண்ணா. காத்தாலயும் எதும் வாயில வெக்காதீங்க. நம்பர் சும்மா இறங்கி நிக்கும். நம்ம ஆளுக எல்லாரும் அப்படித்தான்.”

சடையனுக்குச் சர்க்கரையும் இல்லை, மாத்திரையும் இல்லை. பட்டினி கிடந்தால் அவனுக்கு வயிறு காயும், அவ்வளவுதான். சென்னியப்பன் அதைக் கேட்டுக்கொண்டதோடு நிற்காமல், தன் பங்குக்குக் காலையில் ஒன்றுக்கு இரண்டு மாத்திரையாகப் போட்டுக்கொண்டார்.

“ஏனுங்க, ஒரு டம்ளர் காப்பியாச்சும் குடிச்சுப்போட்டுப் போங்க” என்று மனைவி வசந்தாமணி வாசல் வரைக்கும் டம்ளரோடு வந்தாள். “ராத்திரியும் ஒண்ணும் திங்கல. வெயில்ல நிக்கோணுமில்ல?”

“காப்பி குடிச்சா நம்பர் ஏறிக்கும். ரத்தம் எடுத்து முடியட்டும், அப்பறம் நீ சட்டியோட குடுத்தாலும் திங்கறேன்.”

“அதுக்குன்னு ரெண்டு மாத்திரையா?”

“இன்னைக்கு ஒரு நாளைக்குத்தான். கண்ணுல பெயிலானா பஸ்ஸுச் சாவியை வாங்கிப் போடுவாங்க. தெரியுமில்ல?”

அவளுக்குத் தெரியும். ஆகவே டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மைதானத்தில் முதலில் ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், வயது, லைசென்ஸ் எண். கீழே ஒரு கேள்வி. கடந்த ஓராண்டில் வாகனம் ஓட்டும்போது மயக்கமோ பார்வைக் குறைவோ ஏற்பட்டதுண்டா? எல்லாரும் இல்லை என்ற கட்டத்தில் டிக் அடித்தார்கள். சென்னியப்பனும் அடித்தார். கண் மங்கியதுண்டுதான். ஆனால் மாத்திரை போட்டாயிற்றே!

பத்து மணிக்கு என்றார்கள், பதினொன்றாகியும் வரிசை நகரவில்லை. சட்டை முழுக்க நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. மே மாத வெயிலில் வியர்க்காதவன் யார்? கை நடுங்கியது. பரீட்சை என்றால் நடுங்கத்தான் செய்யும். சடையன் ஏதோ தமாஷ் சொல்ல, “பேசாம நில்லுடா” என்று அவர் கத்திய கத்தலில் முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எதற்குக் கத்தினோம் என்று அவருக்கே புரியவில்லை. பிறகு எதிரே நின்ற பஸ்கள் ஒன்றோடொன்று கரைந்து ஒரே மஞ்சள் சுவராக ஆயின. நம்பர் பிளேட்டில் ஒரு எண்ணுக்கு மேல் அதே எண் இன்னொன்று ஏறி உட்கார்ந்தது.

ஏறிவிட்டது! பட்டினி கிடந்தும் சர்க்கரை ஏறிவிட்டது. சென்னியப்பன் யாரும் பார்க்காமல் டப்பாவைத் திறந்து ஒரு கண் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். அன்றைக்கு அது மூன்றாவது.

பந்தலுக்குள் கண் சோதிக்கிற பெண்ணின் சட்டையில் தேவிப்ரியா என்று அட்டை குத்தியிருந்தது. அதை அவரால் படிக்க முடியவில்லை என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவள் ஒரு கண்ணை மூடச் சொல்லி, மேலேயிருந்து படிக்கச் சொன்னாள்.

“எதைங்க அம்மணி படிக்கோணும்? மேல இருக்கற போர்டையா, கீழ இருக்கற போர்டையா?”

“ஒரே போர்டுதாங்கண்ணா இருக்குது.”

சென்னியப்பன் கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தார். இரண்டு போர்டு இருந்தன. எழுத்துகள் தண்ணீரில் விழுந்ததைப் போல நெளிந்தன. நடுவில் ஒரு பக்கம் எழுத்தே இல்லை, வெறும் சாம்பல். ஐம்பது வயதைத் தொடப்போகிற மனுஷன், அத்தனை பேர் முன்னால், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்.

“போச்சுங்க அம்மணி. எங்கப்பனாட்டவே ஆயிப்போச்சு.”

அவள் சமாதானம் சொல்வதற்காகக் கையைப் பிடித்தாள். பிடித்தவள் விடவில்லை. அந்த வெயிலில் கை ஐஸாகக் குளிர்ந்திருந்தது.

“எப்பங்கண்ணா சாப்பிட்டீங்க?”

“நேத்து மத்தியானமுங்க.”

“சுகர் மாத்திரை போடறீங்களா?”

“அதெல்லாம் மறக்கறதே இல்லீங்க. இன்னைக்கு மூணு போட்டிருக்கறனுங்க.” அழுகையின் நடுவிலும் அதில் ஒரு பெருமை இருந்தது.

அவள் முகம் வெளுத்தது. விரலில் குத்தி, மீட்டரைப் பார்த்து, நாற்பத்து நாலு என்று யாரையோ பார்த்துக் கத்தினாள். சென்னியப்பனின் காதில் அந்த எண் மட்டும் தெளிவாக விழுந்தது. முகம் மலர்ந்துவிட்டது.

“நாப்பத்து நாலுங்களா? அப்ப பாஸுங்களா அம்மணி?”

அவள் டம்ளரில் நாலைந்து கரண்டி குளுக்கோஸைக் கொட்டிக் கலக்கி வாயருகே கொண்டுவந்தாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். சுகர்காரனுக்குச் சர்க்கரையா? கண் இருக்குமா?

“கண்ணு போயிருமுங்க” என்று தலையை ஆட்டினார்.

“குடிக்கலீன்னா உசுரு போயிரும். குடிங்க!” என்று மகளைப் போல அதட்டினாள் அவள். சடையன் ஓடிவந்து தாடையைப் பிடித்தான். குடித்தார்.

கால் மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். முதலில் கை நடுக்கம் நின்றது. அப்புறம் மஞ்சள் சுவர் பிளந்து பஸ் பஸ்ஸாகப் பிரிந்தது. நம்பர் பிளேட்டில் எண்கள் ஒன்றை விட்டு ஒன்று இறங்கி அதனதன் இடத்தில் நின்றன. அவள் சட்டையில் தேவிப்ரியா என்று எழுதியிருந்தது. இரண்டு போர்டு ஒரே போர்டாயிற்று. கடைசி வரியின் பொடி எழுத்து வரைக்கும், கேட்காமலேயே, அவர் வாய்விட்டுப் படித்தார். படித்து முடித்ததும் சந்தோஷம் வரவில்லை.

“அம்மணி, என்ர கண்ணுக்கு என்னதான் ஆச்சுங்க?”

“கண்ணு நல்லாத்தாண்ணா இருக்குது. ரத்தத்துல சக்கரை ரொம்ப இறங்கிருச்சு. மூளைக்கும் கண்ணுக்கும் வேலை செய்யச் சக்கரை வேணும். அது பத்தலீன்னா மங்கும், ஒண்ணு ரெண்டாத் தெரியும், வேர்க்கும், கை நடுங்கும், கோபம் வரும். ஏறுனாலும் கண்ணு மங்கும், இறங்குனாலும் மங்கும். கண்ணை வெச்சு எதுன்னு சொல்ல முடியாது. குத்திப் பாத்தாத்தான் தெரியும்.”

“அப்ப, கண்ணு மங்கறப்ப மாத்திரை போடக்கூடாதுங்களா?”

அவள் அவரையே பார்த்தாள். “போடுவீங்களா?”

சென்னியப்பன் சட்டைப் பையிலிருந்து தைல டப்பாவை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

“எத்தனை நாளா?”

“ரெண்டு வருசமாங்க.”

தண்ணீரில் மூழ்கிக்கொண்டிருக்கிறவனை மேலே நின்று மிதித்த மாதிரி அல்லவா அது! சர்க்கரை குறைந்து கண் இருண்டபோதெல்லாம் அதை இன்னும் குறைக்க மாத்திரை. ஒவ்வொரு தடவையும் ஒன்பதரை மணி இட்லியும் சர்க்கரை போட்ட டீயும் வந்து காப்பாற்றியிருக்கின்றன. அவர் மாத்திரைக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் பிப்ரவரி மாதத்து ஒரு காலை ஞாபகத்துக்கு வந்தது. வந்ததும் பெஞ்சிலிருந்து எழுந்தே விட்டார்.

அன்றைக்கும் ஐந்து மணிக்கு மாத்திரை. ஏழரைக்குக் கண் மங்கியது, டப்பாவிலிருந்து ஒன்று. எட்டேகாலுக்கு ரோடு பிரிகிற ஆலாம்பட்டிப் பிரிவில், முப்பத்தெட்டுப் பிள்ளைகளோடு போகையில், எதிரே ரோட்டை அடைத்துக்கொண்டு இரண்டு லாரி வந்தது. ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு, இரண்டிலும் மரவள்ளிக் கிழங்கு லோடு. இடதுபக்கம் ஒடித்தார். பஸ் ரோட்டோர மரவள்ளிக் காட்டுக்குள் இறங்கி, சேற்றில் புதைந்து நின்றது. ஆறடி தள்ளிச் சுற்றுச் சுவர் இல்லாத கிணறு. ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல் இல்லை. தாறுமாறாக வந்த லாரியிடமிருந்து பிள்ளைகளைக் காப்பாற்றிய டிரைவர் என்று ஆண்டு விழாவில் மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். பெற்றோர்கள் காலைத் தொட வந்தார்கள்.

இறங்கிப் பார்த்தபோது ரோட்டில் ஒரே ஒரு லாரிதான் நின்றது. மற்றது தப்பிவிட்டது என்றார் சென்னியப்பன். போலீசிடமும் அதையே சொன்னார், எல்லாரும் நம்பினார்கள். நின்ற லாரியின் டிரைவர், அயோத்தியாப்பட்டணத்துக்காரன், பொன்னன் என்று பெயர். முதலில் ஓடிவந்து பிள்ளைகளைத் தூக்கி இறக்கியவன் அவன்தான். கையில் பிள்ளையோடு நின்றவனைத்தான் சென்னியப்பன் கன்னத்தில் அறைந்தார். அதைப் பார்த்துக் கூட்டம் அடித்தது.

“வேற லாரியே வரலைண்ணா, நான் மட்டும்தான் வந்தேன்” என்று அடி வாங்கிக்கொண்டே சொன்னான். முன் சீட்டில் உட்காருகிற நாலாம் வகுப்பு பிரீத்திகூட, “ஒரு லாரிதான் மாமா வந்துச்சு” என்றாள். பயத்தில் நீ கண்ணை மூடிக்கொண்டாய் சாமி என்று அவளை அடக்கிவிட்டார்.

இப்போது பார்வை தெளிந்த கண்ணோடு அந்த இரண்டு லாரியையும் நினைவில் பார்த்தார். இரண்டுக்கும் பச்சை கேபின். இரண்டுக்கும் நீலத் தார்ப்பாய். இரண்டிலும் இடதுபக்க விளக்கு உடைந்திருந்தது.

அன்றைக்கு, பஸ் புதைந்த காட்டுக்குச் சொந்தக்கார அம்மா, பயம் தெளியட்டும் என்று சொம்பு நிறையச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தாள். குடித்த கொஞ்ச நேரத்தில் கண் பளிச்சென்று ஆனது. மாரியம்மன் கண்ணைத் திறந்தாள் என்று கோயிலில் பொங்கல் வைத்தார் சென்னியப்பன்!

“அண்ணா, உக்காருங்க. முகமெல்லாம் எப்படியோ ஆகுது” என்றான் சடையன்.

சென்னியப்பன் உட்காரவில்லை. இரண்டு வருஷம். முப்பத்தெட்டுப் பிள்ளைகள். எத்தனை காலை! மங்கின கண்ணோடு எத்தனை திருப்பம் திரும்பியிருப்பார், எத்தனை பிள்ளையின் அம்மாவுக்குக் கை காட்டிவிட்டு வண்டியை எடுத்திருப்பார்?

“அந்தக் காயிதத்தைக் குடுங்க அம்மணி” என்று படிவத்தைக் கேட்டு வாங்கினார். இல்லை என்ற கட்டத்து டிக்கைக் கோடு கிழித்து அடித்துவிட்டு, உண்டு என்ற கட்டத்தில் டிக் போட்டார்.

“அண்ணா, இப்பக் கண்ணு நல்லாத் தெரியுது. ஆனா இதை எழுதுனா இப்போதைக்கு ஓட்ட விட மாட்டாங்க. டாக்டர் பாத்துச் சரிபண்ணி எழுதிக் குடுத்தப்பறம்தான்.”

“விடக்கூடாதுங்க” என்றார் சென்னியப்பன்.

மூன்று மாத்திரை உடம்பில் இருப்பதால் சர்க்கரை மறுபடி மறுபடி இறங்கும் என்று சொல்லி, அவள் ஆளைத் தனியே விடாமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். ஒரு நாள் முழுக்கப் படுக்க வைத்து ஊசி வழியாகக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். வசந்தாமணி பக்கத்தில் உட்கார்ந்து, காப்பி டம்ளரை உள்ளே கொண்டுபோனவள் நான்தானே என்று தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள். அவர் கண்ணை மூடினால் இரண்டு லாரி வந்தது.

மறுநாள் மத்தியானம் சடையன் சென்னியப்பனின் பஸ்ஸையே எடுத்துக்கொண்டு வந்து இருவரையும் ஏற்றிக்கொண்டான். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகச் சென்னியப்பன் அந்த பஸ்ஸில் பிள்ளைகள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார். முன் சீட்டு. பிரீத்தியின் சீட்டு. அங்கிருந்து பார்த்தால் ரோடு முழுசாகத் தெரிந்தது. ஒரு லாரியை இரண்டாக எண்ண அந்தப் பிள்ளைக்கு ஒரு காரணமும் இல்லை.

ஆலாம்பட்டிப் பிரிவு வந்ததும் நிறுத்தச் சொன்னார். ரோடு அகலமாகக் கிடந்தது. எதிரே ஒரு கிழங்கு லாரி வந்தது. அது தன் பக்கத்தில் போக, பஸ் தன் பக்கத்தில் நிற்க, நடுவில் ஒரு மாட்டு வண்டி போகிற அளவுக்கு இடம் மிச்சமிருந்தது. சென்னியப்பன் இறங்கிக் காட்டுக்குள் நடந்தார். கிணற்றின் விளிம்பில் நின்று குனிந்து பார்த்தார். தண்ணீர் எங்கேயோ அடியில் கிடந்தது.

பிரேக் போட்டு நிறுத்தினேன் என்றுதான் மேடையில் சொன்னார். அன்றைக்குப் பிரேக் எங்கே போட்டார்? கால் எந்தப் பெடலில் இருந்தது என்றே அவருக்குத் தெரியாது. காட்டுக்காரர் முந்தின நாள் சாயங்காலம் மரவள்ளிக்குத் தண்ணீர் கட்டிப் பாய்ச்சியிருந்தார். மண் சொதசொதவென்று இருந்தது. சக்கரம் புதைந்தது. அவ்வளவுதான். அந்தக் காட்டுக்காரர் தண்ணீர் கட்டாமல் சோம்பியிருந்தால் இந்தக் கிணற்றுக்குள் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். சென்னியப்பன் அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். கால் நிற்கவில்லை. இது சர்க்கரை இல்லை என்று அவருக்குத் தெரிந்தது.

உட்கார்ந்தபடியே போனை எடுத்தார். மார்ச் மாதத்தில் நான்கு தடவை வந்த நம்பர். லைசென்சை ஆறு மாதத்துக்கு நிறுத்திவிட்டார்கள், இரண்டு லாரி என்று சொன்னதை மட்டும் மாற்றிச் சொல்லுங்கள் என்று பொன்னன் கெஞ்சிய நம்பர். எடுக்காதே என்று பெயர் போட்டுப் பதிந்து வைத்திருந்தார்.

“பொன்னா, நான் ஸ்கூல் பஸ்ஸு சென்னியப்பன் பேசறேன்.”

அந்தப் பக்கம் பயந்த குரலில், “சொல்லுங்கண்ணா. நான் இப்ப வண்டியே ஓட்டறதில்லைண்ணா. மூட்டை தூக்கத்தான் போறேன்” என்றான்.

“அன்னைக்கு ஒரு லாரிதான் வந்துச்சு. நீ உன்ர பக்கந்தான் வந்தே. எனக்குத்தான் ரெண்டாத் தெரிஞ்சுது. உன்னைய அடிச்ச கையி இது.”

அவன் குரலில் அழுகையா, கோபமா என்று தெரியவில்லை.

“இதை ஸ்டேஷன்ல வந்து சொல்லுவீங்களாண்ணா?”

“வாரேன்.”

போனைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். பழக்கத்தில் டிரைவர் சீட்டுப் பக்கம் போன காலைத் திருப்பி, பிரீத்தியின் இடத்தில் உட்கார்ந்தார். வசந்தாமணி ஆஸ்பத்திரியில் கொடுத்த பிஸ்கெட்டில் ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

“ஊட்டுக்குத்தானேங்கண்ணா?” என்றான் சடையன்.

“இல்ல. ஸ்டேஷனுக்கு உடு.”

சடையன் திரும்பிப் பார்த்தான். “அண்ணா, யோசிச்சுக்குங்க. வேலையே போயிரும். உங்க மேலயே கேஸு வரும்.”

“ரோட்டைப் பாத்து ஓட்டு சடையா” என்றார் சென்னியப்பன்.